சிங்கப்பூரிலிருந்து கப்பல் பயணம்: மூன்று தலைமுறையாகப் பதினொரு பேர் கரையிறங்க ஆலோசனை தேவை

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையை ஒட்டி, டிசம்பர் கடைசி வாரத்தில் சிங்கப்பூரில் புறப்பட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பும் ஐந்து இரவுக் கப்பல் பயணம் ஒன்றுக்கு எங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் முன்பதிவு செய்திருக்கிறோம். அப்பாவுக்கு 81 வயது. வீட்டுக்குள் கைத்தடியோடு நடப்பார், வெளியே சென்றால் மடக்கு சக்கர நாற்காலி வேண்டும். அம்மாவுக்கு 76, ஒரு முழங்காலில் மாற்று அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, மெதுவாக நடப்பார், படி ஏற அஞ்சுவார். என் மாமியாருக்கு 72. நன்றாக நடப்பார், ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்பவர். இவர்களோடு நானும் மனைவியும், பதினாறு, பதின்மூன்று வயதுகளில் எங்கள் பிள்ளைகள் இருவரும், என் தங்கையும் மாப்பிள்ளையும், அவர்களுடைய ஒன்பது வயது மகனும் இரண்டரை வயது மகளும் வருகிறார்கள்.

கப்பல் இரண்டாம் நாள் காலை 8 முதல் மாலை 6 வரை மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்திலும், மூன்றாம் நாள் நண்பகல் 12 முதல் இரவு 9 வரை பினாங்கிலும், நான்காம் நாள் காலை 9 முதல் மாலை 6 வரை தாய்லாந்தின் புக்கெட்டிலும் நிற்கும். ஐந்தாம் நாள் முழுவதும் கடலில். புக்கெட்டில் மட்டும் கரையில் கட்டாமல் பாதோங் விரிகுடாவில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் இறக்குவார்களாம்.

ஆளுக்கோர் ஆசை இருக்கிறது. அப்பாவுக்குப் பத்துமலை முருகனைப் பார்த்தாக வேண்டும். அம்மா செட்டிநாட்டில் பிறந்தவர். பினாங்குத் தண்ணீர்மலையைப் பற்றிச் சிறுவயதிலிருந்தே கேள்விப்பட்டிருப்பதால் அங்கே போகாமல் திரும்பக் கூடாது என்கிறார். பிள்ளைகளுக்குப் புக்கெட்டில் விரைவுப் படகில் தீவுக்குப் போக வேண்டும். என் மனைவியோ, எங்கே போனாலும் பதினொரு பேரும் சேர்ந்தே போக வேண்டும், இல்லையென்றால் குடும்பமாகப் பயணம் செய்வதில் என்ன பொருள் என்று கேட்கிறார்.

கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாக்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் இருப்பதால், பதினொரு பேருக்குக் கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கிறது. அதைவிட ஒவ்வோர் ஊரிலும் ஒரு வேன் பேசிக்கொள்வது நல்லதா? திரும்பத் தாமதமானால் என்ன ஆகும்? சக்கர நாற்காலியோடு சிறு படகில் இறங்க விடுவார்களா? இந்தப் பாதையில் பெரியவர்களை அழைத்துச் சென்றவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


தெலோக் ஆயர் எழுதியது:

வணக்கம் ஐயா. சிங்கப்பூரில் வசிப்பதால், ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு இந்தப் பயணத்தைத் திட்டமிட்டுக் கொடுக்கும் வேலை அடிக்கடி என் தலையில் விழும். ஓர் ஊரில் என்னென்ன பார்க்கலாம் என்று தேடுவதற்கு முன், கப்பல் எங்கே நிற்கும், அங்கிருந்து ஊர் எவ்வளவு தொலைவு என்று பாருங்கள். உங்கள் பட்டியலில் உள்ள மூன்று துறைமுகங்களும் இந்த வகையில் முற்றிலும் வேறுபட்டவை. பினாங்கில் கப்பல் சுவெட்டன்ஹாம் துறைமேடையில், ஜார்ஜ் டவுனின் நடுவிலேயே வந்து நிற்கிறது. இறங்கி வெளியே வந்தால் ஊர்தான். கிள்ளானில் பயணிகள் முனையம் இந்தா தீவில், சரக்குக் கிடங்குகளுக்கு அப்பால் இருக்கிறது. அங்கே நடந்து பார்க்க ஒன்றுமில்லை, கோலாலம்பூருக்கு வண்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பத்துமலை அதற்கும் வடக்கே. புக்கெட்டில் கரையைத் தொடுவதே கடலின் மனநிலையைப் பொறுத்தது.

ஆகவே, முதியவர்களின் வலுவைப் பினாங்குக்கென்று சேமித்து வையுங்கள் என்பதே என் கருத்து. மூன்று நாளும் அடுத்தடுத்து வருகின்றன, இடையில் ஓய்வு நாள் இல்லை. முதல் நாளே பத்துமலைக்கு அழைத்துச் சென்று, போக வர மூன்று மணி நேரம் வண்டியில் உட்காரவைத்தால், மறுநாள் பினாங்கில் அவர்கள் அறையை விட்டு எழுந்துவர மாட்டார்கள். பயணத்தின் மிக எளிதான துறைமுகம் அவர்களுக்குக் கைநழுவிப் போகும்.

கப்பல் சுற்றுலாவா, சொந்த வேனா என்பதற்கு வருகிறேன். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் சென்றவர்கள் போக்குவரத்து நெரிசலில் சிக்கினால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். காத்திருக்க முடியாமற்போனாலும் அவர்களை அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தனியாகச் சென்றவர்களுக்கு இந்த இரண்டும் கிடையாது. வானிலையால் ஒரு துறைமுகமே ரத்தானாலும், கப்பலில் கட்டிய சுற்றுலாப் பணம் திரும்பி வந்துவிடும். வேன்காரருக்குக் கொடுத்த முன்பணம் அவர் விதிப்படிதான். எனவே தொலைவு கூடக் கூடக் கப்பல் சுற்றுலாவுக்குப் பணம் கொடுப்பதில் நியாயம் கூடுகிறது. பினாங்கில் அதற்குத் தேவையே இல்லை. துறைமேடைக்கு எதிரே நின்றுகொண்டு பேருந்துச் சுற்றுலாவுக்குத் தலைக்குப் பணம் கட்டுவது வீண். புக்கெட் தீவுப் பயணத்துக்கு நான் கப்பலைத்தான் நம்புவேன். கிள்ளான் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: அங்கே கப்பலைத் தவறவிட்டாலும் அடுத்த துறைமுகமான பினாங்கு அதே நாட்டில், சாலை வழியே போய்ச் சேரக்கூடிய தொலைவில் இருக்கிறது. புக்கெட்டில் தவறவிட்டால் அடுத்து சிங்கப்பூர்தான், பதினொரு விமானச் சீட்டு.

மாலை 6 மணிக்குக் கப்பல் புறப்படும் என்று அச்சிட்டிருந்தால், அனைவரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் அதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒவ்வொரு மாலையும் அறைக்கு வரும் கப்பலின் நாளிதழில் அந்த நேரம் இருக்கும். அதைத்தான் குடும்பத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும்.


தண்ணீர்மலை அடிவாரம் எழுதியது:

பினாங்கிலிருந்து வணக்கம். எங்கள் ஊரைப் பற்றி எழுதியிருப்பது உண்மைதான், ஆனால் நண்பகலில் வரும் கப்பலுக்கு ஒரு சிக்கல் உண்டு. இங்கும் கோயில்கள் உச்சிப் பொழுதில் நடை சாத்தப்பட்டு மாலை நான்கரை வாக்கில்தான் திறக்கப்படும். நீங்கள் 12 மணிக்குக் கரை சேர்ந்து, வரிசையில் நின்று, குடிநுழைவு முடித்து வெளியே வரும்போது ஒரு மணியாகிவிடும். அந்த நேரத்து வெயிலில் பெரியவர்களை இறக்கினால், சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஆகவே பெரியவர்கள் மூவரும் கப்பலிலேயே மதியச் சாப்பாட்டை முடித்து, ஒரு தூக்கம் போட்டு, நான்கு மணிக்கு இறங்கட்டும். கூட்டமும் அதற்குள் கலைந்திருக்கும். பிள்ளைகளும் இளையவர்களும் ஒரு மணிக்கே இறங்கி ஆர்மீனியன் ஸ்ட்ரீட் பக்கம் போகலாம். அங்கே 2012-இல் எர்னஸ்ட் சக்கரேவிச் வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. நிஜச் சைக்கிளைச் சுவரில் பதித்து அதன்மேல் இரண்டு குழந்தைகளை வரைந்திருக்கும் படத்துக்கு முன்னால் நின்று புகைப்படம் எடுக்க வரிசை நிற்கும். அதன் பின்னர் கடலுக்குள் மரக்கால்களின்மேல் நிற்கும் சியூ குலத்தாரின் துறைமேடைக் குடியிருப்பு நடக்கும் தொலைவுதான். அங்கே இன்றும் மக்கள் வசிக்கிறார்கள், வீட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

சக்கர நாற்காலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜார்ஜ் டவுன் 2008-இல் மலாக்காவோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற ஊர். பழைய கடைவீடுகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். அவற்றின் முகப்பில் இருக்கும் அஞ்சடி எனப்படும் நடைபாதை ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வோர் உயரத்தில் இருக்கும். ஒரு கடையின் தளத்திலிருந்து அடுத்த கடையின் தளத்துக்கு ஒரு சாண் ஏற வேண்டும், அடுத்த கடையில் இரண்டு சாண் இறங்க வேண்டும், நடுவில் மோட்டார் சைக்கிளும் சாப்பாட்டு மேசையும் வழியை அடைத்திருக்கும். முடிவில் நாற்காலியைத் தெருவில், வண்டிகளோடு வண்டியாகத்தான் தள்ள வேண்டியிருக்கும். அதனால் உங்கள் அப்பாவை டிரைஷாவில் ஏற்றிவிடுங்கள். பயணிகள் முன்னால் அமர, ஓட்டுபவர் பின்னாலிருந்து மிதிக்கும் வண்டி அது. எதிரே எதுவும் மறைக்காது, மெதுவாகப் போகும், இருவர் உட்காரலாம். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். கால் வைத்து ஏற ஓர் உயரமான படி உண்டு, அதற்கு மட்டும் இருவர் கைகொடுக்க வேண்டும்.

துறைமேடையிலிருந்து வெளியே வந்ததும் விக்டோரியா மகாராணியின் மணிக்கூண்டு தெரியும். 1897-இல் நடந்த அவருடைய வைரவிழாவை ஒட்டி, ஆட்சியின் ஓர் ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரத்தில் கட்டியது. உலகப் போரில் குண்டு விழுந்த அதிர்ச்சியில் சற்றே சாய்ந்திருக்கிறது. பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், கொஞ்ச நேரம் போகும். அங்கிருந்து டிரைஷாவில் லிட்டில் இந்தியா பத்து நிமிடம். குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. அதன் கோபுரத்தடியில் ஐந்து மணிக்கு எல்லோரும் கூடிவிடலாம். அடுத்த தெருவிலேயே தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சற்றுத் தள்ளிச் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில், அதற்கும் அப்பால் 1818-இல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் என்று நான்கும் ஒரே வரிசையில் இருப்பதால், வண்டியில் இருந்தபடியே உங்கள் அப்பா பார்த்துவிடுவார்.

இப்போது தண்ணீர்மலை. மலைமேல் உள்ள பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள். உங்கள் அம்மா ஏற முடியாது, முயலவும் வேண்டாம். ஆனால் செட்டிநாட்டவர் என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் கேள்விப்பட்டிருக்கக்கூடியது அடிவாரத்தில், சாலையோரமாகவே இருக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் தண்டாயுதபாணி கோயிலாகவும் இருக்கலாம். தைப்பூசத்துக்கு வெள்ளி இரதம் நகரத்திலிருந்து ஊர்வலமாக வந்து சேருவது அங்கேதான். மரத்தூண்களும் அகலமான முன்கூடமும் உள்ள கட்டடம். செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்த உணர்வு வரும். வாசல்வரை வண்டி போகும். லிட்டில் இந்தியாவிலிருந்து கிளம்பினால் நெரிசலைப் பொறுத்து இருபது நிமிடம் முதல் நாற்பது நிமிடம்வரை ஆகும். ஆறு மணிக்குப் போய், ஏழு மணிக்குத் திரும்பிவிட்டால் கப்பலுக்கு நேரம் தாராளமாக இருக்கும். இதற்கு வேன் பேச வேண்டியதில்லை. கைப்பேசிச் செயலியில் ஆறு பேர் அமரும் வண்டி இரண்டை அழைத்தால் போதும்.

பினாங்கு ஹில் எனப்படும் கொடிமலைக்கு இந்தமுறை வேண்டாம். இழுவை ரயிலில் ஏறுவது சுகம்தான், உச்சியில் குளிர்ச்சியும் உண்டு, ஆனால் டிசம்பர் கடைசி வாரத்தில் ஏறுவதற்கும் வரிசை, இருட்டிய பிறகு இறங்குவதற்கும் வரிசை. இறங்கும் வரிசையில் நிற்கும்போது கப்பல் விளக்குகள் மேலிருந்து அழகாகத் தெரியும் என்பது வேறு கொடுமை.


மந்தைவெளிப் பாட்டி எழுதியது:

நொய்யல்கரை தம்பிக்கு, நான் உங்கள் அம்மாவின் வயதில் இருப்பவள். இதே பாதையில் மகன் குடும்பத்தோடும் மகள் குடும்பத்தோடும் சென்று வந்தவள் என்பதால், அழைத்துச் செல்லப்படுபவர்களின் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள்.

உங்கள் மனைவியின் எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் பதினொரு பேரும் சேர்ந்தே நடந்தால், எல்லோரும் உங்கள் அப்பாவின் வேகத்தில் நடக்க வேண்டும். பிள்ளைகள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று திரும்பிப் பார்ப்பார்கள். நம்மால்தான் இவர்கள் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நடப்பதைவிட ஒரு முதியவருக்குக் களைப்பான காரியம் வேறில்லை. காலை உணவுக்கும் இரவு உணவுக்கும் ஒரே மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் கோயில் வாசலில் கூடுங்கள். மற்ற நேரத்தில் அவரவர் வழியில் போனால்தான் இரவு மேசையில் பேச ஏதாவது இருக்கும்.

கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் இறங்காமல் இருப்பதை யாரும் தண்டனையாக நினைக்க வேண்டாம். எல்லோரும் இறங்கிப் போனபின் கப்பல் காலியாக இருக்கும், மேல்தளத்தில் நிழலான இடம் கிடைக்கும், சாப்பாட்டுக் கூடத்தில் வரிசை இருக்காது, சிறு குழந்தைக்குத் தண்ணீர் விளையாட்டு இடமும் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் அந்த முடிவை நீங்கள் எடுக்காதீர்கள். அவர்களிடம் முதல் நாள் இரவே கேளுங்கள், மறுநாள் காலையில் மறுபடியும் கேளுங்கள். இரவு வேண்டாம் என்றவர்கள் நல்ல தூக்கத்துக்குப் பிறகு வருகிறேன் என்பதுண்டு.

உங்கள் மாமியாருக்கு இன்சுலின் என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்தை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றை அறையின் குளிர்பெட்டியிலும் மற்றொன்றைக் குளிர்காப்புப் பையில் கையோடும் வைத்துக்கொள்ளுங்கள். அறைக் குளிர்பெட்டிகள் சில கப்பல்களில் பானத்தைச் சற்றுக் குளிர வைக்கும் அளவுக்கே இருக்கும். போதிய குளிர்ச்சி இல்லையென்றால் கப்பலின் மருத்துவப் பிரிவில் வைத்துத் தருவார்களா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். ஊர் சுற்றும் நாளில் சாப்பாட்டு நேரம் தவறும், அதுதான் அவருக்கு ஆபத்து. கப்பல் காலை உணவிலிருந்து பழமும் ரொட்டியும் எடுத்துச் செல்லலாம் என்று நினைக்காதீர்கள். உணவைக் கரைக்குக் கொண்டுபோகப் பல துறைமுகங்களில் தடை இருக்கிறது. ஊரிலிருந்து உறையிட்ட பிஸ்கட்டும் குளுக்கோஸும் கொண்டுவந்து, எதைக் கரைக்கு எடுத்துச் செல்லலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கழிப்பறையைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன். எங்கே வண்டி நின்றாலும், பார்க்க வேண்டியதைப் பார்ப்பதற்கு முன் அது எங்கே இருக்கிறது என்று ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அந்தக் கவலையில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே வருகிற அம்மாக்கள் அதிகம். டிசம்பர் என்றாலும் அங்கே வெயில் நம் சித்திரைப் புழுக்கம் மாதிரிதான். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மயக்கம் வரும்.


நொய்யல்கரை எழுதியது:

இத்தனை பேர் அக்கறையோடு எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. பாட்டியம்மா எழுதியதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். கோயில் வாசலில் கூடும் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். அடிவாரச் செட்டியார் கோயிலைப் பற்றிக் கேட்டதும் அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, தன் பெரியப்பா ஒருவர் பினாங்கில் கடை வைத்திருந்த கதையை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கிவிட்டார்.

ஆனால் அப்பா பத்துமலையை விடுவதாக இல்லை. பினாங்கில் இறங்காவிட்டாலும் பரவாயில்லை, அங்கே போயே தீர வேண்டும் என்கிறார். இதற்கு வழி உண்டா? புக்கெட் சிறு படகு பற்றியும் யாராவது விளக்கினால் நல்லது. எங்கள் அனைவருக்கும் இந்தியக் கடவுச்சீட்டு.


தெலோக் ஆயர் எழுதியது:

பத்துமலைக்குக் கிள்ளான் நண்பர் யாராவது பதில் சொல்லட்டும். நான் புக்கெட்டை எடுத்துக்கொள்கிறேன்.

டிசம்பரில் அந்தமான் கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். மே முதல் அக்டோபர்வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம்தான் தொல்லை. ஆயினும் அலை சிறிதாக இருந்தாலும், கப்பலின் பக்கவாட்டுத் தளமும் சிறு படகும் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டும் சமமாகும் நொடியில் பணியாளர்கள் இருபுறமும் முழங்கையைப் பிடித்து ‘இப்போது’ என்பார்கள், அப்போது ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். நாற்காலியை மடக்கித் தனியாகக் கொடுத்துவிட்டு, உங்கள் அப்பா தானாகச் சில அடிகள் வைக்க முடியுமானால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். அந்த நாளின் அலையைப் பார்த்துப் படகுப் பணியாளர்கள் வேண்டாம் என்று சொன்னால் அதுதான் முடிவு, வாதாடக் கூடாது. பத்துமலை, பினாங்கு இரண்டும் முடித்த மறுநாளில் அவர் கப்பலில் இருப்பதே மேல் என்பேன்.

காலையில் கப்பல் சுற்றுலாக்காரர்களுக்குத்தான் முதல் படகுகள். மற்றவர்களுக்கு எண் சீட்டுக் கொடுத்துக் காத்திருக்க வைப்பார்கள். உங்கள் அம்மாவும் மாமியாரும் இறங்குவதாக இருந்தால் பத்தரைக்குப் பின் அவசரமின்றி இறங்கி, சலோங் புத்தர் கோயிலையும் புக்கெட் பழைய நகரத்தின் தலாங் சாலையையும் வண்டியிலேயே பார்த்துவிட்டு, மூன்று மணிக்குள் படகுக்குத் திரும்பிவிட வேண்டும். கடைசி ஒரு மணி நேரத்தில் கரையில் வெயிலில் நிற்கும் வரிசை நீளமானது.

பிள்ளைகள் ஆசைப்படும் தீவு பி பி என்றால், யோசியுங்கள். பாதோங் மேற்குக் கரையில் இருக்கிறது. பி பி தீவுக்கான விரைவுப் படகுகள் கிழக்கு, தெற்குக் கரைகளிலிருந்து கிளம்புகின்றன. புக்கெட் தீவைக் குறுக்கே கடந்து, பிறகு கடலில் ஒரு மணி நேரம் போய், அதே வழியில் திரும்பினால் உங்கள் ஒன்பது மணி நேரத்தில் எதுவும் மிஞ்சாது. பி பி தீவுகளில் எல்லோரும் பார்க்க விரும்பும் மாயா விரிகுடா, பவளப் பாறைகள் தேறுவதற்காக 2018 முதல் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது; இப்போதும் அங்கே நீந்தக் கட்டுப்பாடு உண்டு, படகு முன்புறமாக வராது. அதற்குப் பதில் சலோங் துறையிலிருந்து கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் கோ ஹே என்னும் பவளத் தீவு உங்கள் நேரத்துக்குப் பொருந்தும். எந்தத் தீவானாலும் கப்பல் வழியாகவே பதிவு செய்யுங்கள். படகின் பின்பகுதியில் உட்காரச் சொல்லுங்கள். முன்பகுதி தூக்கித் தூக்கிப் போடும். இரண்டரை வயதுக் குழந்தை இதற்கு வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கடிகாரம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூர், மலேசிய நேரத்துக்கு ஒரு மணி பின்தங்கியது. கப்பல் தன் நேரத்தை மாற்றலாம், சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தும் விடலாம். கைப்பேசியோ கரையின் அலைவரிசையைப் பிடித்ததும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் மாற்றாமல் இருந்து, ஐந்து மணிக்குள் ஏற வேண்டும் என்று சொல்லியிருந்தால், உங்கள் மகனின் கைப்பேசி நான்கு மணி காட்டும்போது படகு போய்விட்டிருக்கும். கைப்பேசியில் தானியங்கி நேர மாற்றத்தை நிறுத்தி வையுங்கள். குழுவுக்கு ஒருவர் சாதாரணக் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு, அதைக் கப்பல் நேரத்தில் வைத்திருக்கட்டும்.

ஆவணங்களில் பலரும் கவனிக்கத் தவறுவது சிங்கப்பூருக்குள் திரும்பி வரும் நுழைவு. கப்பல் ஏறும்போது நாட்டை விட்டு வெளியேறி, திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஆகவே உங்கள் விசா ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிப்பதா என்று பதினொரு பேருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையையும் இரண்டாம் முறை நிரப்ப வேண்டும். மலேசியா, தாய்லாந்து விசா விதிகள் அண்மை ஆண்டுகளில் அடிக்கடி மாறிவருவதால், புறப்படும் மாதத்தில் அந்தந்த அரசின் தளத்தில் பார்த்து, கப்பல் நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.


கிள்ளான்வாசி எழுதியது:

தெலோக் ஆயர் அண்ணன் பத்துமலையைத் தள்ளிவைத்ததில் எனக்கு உடன்பாடில்லை. 81 வயதில் ஒருவர் அதற்காகவே கப்பல் ஏறுகிறார் என்றால், பினாங்கை அல்லவா சுருக்க வேண்டும்? ஆனால் எப்படிப் போவது என்பதில் கண்டிப்பு வேண்டும்.

குகைக் கோயிலுக்கு 272 படிகள், செங்குத்தானவை. மேலே போனபின்னும் குகைக்குள் மேற்கூரை திறந்திருக்கும் உள்பகுதிக்கு இன்னும் படிகள் உண்டு. உங்கள் அப்பா அடிவாரத்தில் இருக்கத்தான் வேண்டும். அதை அவரிடம் ஊரிலேயே சொல்லி, ஒப்புக்கொள்ள வைத்து அழைத்து வாருங்கள், படிக்கட்டின் முன்னால் நின்று பேசுவதற்கு நேரம் இருக்காது. 2006-இல் திறந்த முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம், நிற்பது கீழேதான். சிலைக்கு முன்னால் உள்ள முற்றம் சமதளம், நாற்காலி நன்றாக உருளும். அடிவாரத்திலும் சன்னிதிகள் இருக்கின்றன, அங்கேயே அர்ச்சனை செய்துவிடலாம். படி ஏறுபவர்கள் ஏறி இறங்க ஒரு மணி நேரம். முழங்கால் தெரிய உடுத்திய பெண்களைப் படிக்கட்டில் நிறுத்தித் துணி வாடகைக்கு எடுத்துச் சுற்றச் சொல்வார்கள். குரங்குகள் கைப்பையையும் தின்பண்டத்தையும் பறிக்கும். சிறு குழந்தையின் கையில் எதையும் கொடுக்காதீர்கள்.

கப்பலிலிருந்து எட்டரைக்கே இறங்கும்படி முதல் நாளே ஏற்பாடு செய்துகொண்டு, பத்து அல்லது பத்தேகாலுக்கு அங்கே இருங்கள். பதினொன்றரைக்குக் கிளம்பினால், நெரிசல் இருந்தாலும் இரண்டு மணிக்குள் கப்பலில் சாப்பிடலாம். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தையும் ‘அப்படியே ஒரு எட்டு’ பார்த்துவிடலாம் என்று ஓட்டுநர் சொன்னால் மறுத்துவிடுங்கள், நகருக்குள் நுழைந்து வெளியேறுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும்.

உங்கள் மாமியாரும் தங்கையும் குழந்தையும் அவ்வளவு தூரம் வர விரும்பாவிட்டால், கிள்ளான் நகருக்கே வரலாம். சுந்தரராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது, தெங்கு கெலானா சாலையில் லிட்டில் இந்தியா இருக்கிறது. கோயில் நடை சாத்துவதற்கு முன், பதினொரு மணிக்குள் வந்துவிடுங்கள்.

கிள்ளானில் ஓத ஏற்றவற்றம், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவது, அதிகம் என்பதால், காலையில் கப்பலிலிருந்து இறங்கும் பாலம் இருக்கும் சாய்வு திரும்பும்போது இருக்காது. தள்ளுவதற்குக் கடினமான சாய்வாக இருந்தால் நீங்களே முயலாமல் பணியாளரை அழையுங்கள், இருவர் வந்து ஏற்றிவிடுவார்கள். வேன் பேசும்போது நாற்காலி வைக்கப் பின்னால் இடம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். பன்னிரண்டு இருக்கை வேனில் பதினொரு பேர் ஏறினால் நாற்காலி யார் மடியிலாவதுதான் வரும். இளநீர் பத்துமலை அடிவாரத்திலேயே கிடைக்கும், வழியில் நிறுத்தச் சொல்லாதீர்கள்.